டாட்டா சொல்லும் ஜன்னல்

குழந்தைகள் காப்பகத்துச் சுவரில் யானை சிரித்துக்கொண்டிருந்தால் கட்டணம் அதிகம் என்று புரிந்துகொள்ள வேண்டும். யானைக்குப் பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கியும் சிரித்தால் வாசலோடு திரும்பிவிடுவது நல்லது. நான் திரும்பவில்லை. உள்ளே போய், ஏசி அறையில் உட்கார்ந்து, கழுத்தில் அட்டை தொங்கிய பெண்ணிடம் விசாரித்து, அவள் சொன்ன தொகையைக் கேட்டு, "மாசத்துக்கா, வருஷத்துக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பு காட்டுவதற்காகக் கேட்கவில்லை.

அங்கே பிள்ளையை விட்டால் என் சம்பளத்தில் பஸ் காசு போக ஒரு டீ குடிக்கலாம்.

"அப்போ நீ டீ குடிக்கிறதுக்காகத்தான் வேலைக்குப் போற" என்றார் என் வீட்டுக்காரர். அவர் உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். நாள் பூராவும் கயிற்றில் தொங்குகிற மனுஷன் என்பதாலோ என்னவோ, எந்தப் பேச்சையும் அப்படியே அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டுச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சம்பளம் வாடகையைத் தாண்டாது என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் சிரிக்கிறார் என்பது எனக்கும் தெரியும்.

இன்னொரு இடத்தில் பிள்ளைகளை வரிசையாக டிவி முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். நான் உள்ளே போனதை ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது இடத்தில், இப்போது பெயர் கொடுத்து வைத்தால் அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். "அதுக்குள்ள அவனே வேலைக்குப் போயிடுவானே" என்று சொல்லிவிட்டு இறங்கிவந்தேன். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. என் இடுப்பில் இருந்தவன், ஒரு வயதைத் தாண்டியிருந்த என் மகன், அந்த வீட்டு வாசல் மணியை இன்னொரு தடவை அடித்துவிட்டுத்தான் வந்தான்.

அவனை நாங்கள் பொட்டலம் என்று கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது அவன் அப்பா வைத்த பெயர். நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. அது பள்ளிக்கூடத்துக்கு ஆகட்டும்.

சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். வாடகைக்காக மட்டும் நான் வேலைக்குப் போக நினைக்கவில்லை. எனக்கு என் வேலை பிடிக்கும். ஊரின் பெரிய பேருந்து நிலையத்தில் நான் அறிவிப்பாளர். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று கூரையிலிருந்து ஒரு குரல் வருமே, வாயில் இருப்பதை மெல்லாமல் நிறுத்திவிட்டுக் காது கொடுப்பீர்களே, அந்தக் குரல் நான்தான். நேரக் காப்பாளர் அறைக்கு மேல் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒரு மைக், ஒரு சுவிட்ச், சுவிட்சைப் போட்டால் எரியும் சிவப்பு விளக்கு, கீழிருந்து சின்னச் சின்னத் துண்டுச்சீட்டுகளில் வரும் தகவல்கள். எந்த வண்டி எந்த நடைமேடை, எது தாமதம், யார் வீட்டுக் குழந்தை தொலைந்துபோய் எங்கள் மேசைமேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறது. அந்த இரைச்சலில் அத்தனை பேரையும் ஒரு நிமிஷம் நிறுத்தித் திசை காட்டி அனுப்புவது சின்ன விஷயம் இல்லை.

அதற்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறேன். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, அடிவயிற்றிலிருந்து. அந்தக் குரலை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. யூனிஃபார்மைக் கழற்றுகிற மாதிரி கூண்டிலேயே கழற்றி வைத்துவிடுவேன். வீட்டில் எனக்கு வேறு குரல், அதுவும் பாதிச் சொல்லை விழுங்கிவிட்டு மீதியைக் கத்துகிற குரல். "பஸ் ஸ்டாண்டுல தேனு, வீட்டுல மிளகாய்" என்பார் வீட்டுக்காரர்.

நான் லீவில் இருந்தபோது டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த ஒரு பெண் என் இடத்தில் பேசினாள். பாவம், அவளுக்கு அடிக்கடி தொண்டை கட்டிக்கொண்டது. நிலைய மேலாளர் எனக்கு போன் செய்தார்.

"இங்க பாரும்மா. ஒரு கம்பெனிக்காரன் பெட்டி ஒண்ணக் கொண்டுவந்து வச்சுட்டுப் போயிருக்கான். பட்டனை அமுக்கினா அதுவே பேசுது. அதுக்குத் தொண்டையும் கட்டாது, பிள்ளையும் பொறக்காது. மேலிடத்துல உனக்காக இழுத்துப் பிடிச்சுட்டு இருக்கேன். திங்கக்கிழமை வந்து சேர்ந்துடு. அப்புறம் என்னால ஆகாது."

திங்கட்கிழமைக்குள் பொட்டலத்துக்கு ஓர் இடம் கிடைக்காவிட்டால் என் கூண்டில் அந்தப் பெட்டி ஏறி உட்கார்ந்துவிடும். அப்புறம் அதை யார் இறக்குவது?

விசில் அக்காவைப் பற்றிச் சொன்னது ஒரு டிரைவர்தான். நிலையத்துக்கு எதிரே, டயர்க்கடையின் மாடியில், இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்றார். பல வருஷம் கண்டக்டராக இருந்தவள். ஓடுகிற வண்டியில் நின்று நின்று முழங்கால் தேய்ந்துபோய் வேலையை விட்டவள். விசிலை மட்டும் விடவில்லை. அது இன்னும் கழுத்தில் தொங்கியது. ஒரு விசில் அடித்தால் பிள்ளைகள் இருந்த இடத்தில் உட்கார வேண்டும், இரண்டு விசில் அடித்தால் எழுந்து நடக்கலாம். வண்டியை நிறுத்துவதும் எடுப்பதும் போலத்தான். நான் போனபோது சுருட்டை முடிக்காரி ஒருத்தியும், மொட்டை அடித்த பையன் ஒருவனும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு பழைய டயருக்குள் உட்கார்ந்து பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். மொட்டைக்கு அங்கே 'பெரியவர்' என்று பெயர்.

அறை சுத்தமாக இருந்தது. படிக்கட்டு மட்டும் செங்குத்து. கீழே இருந்து ரப்பர் வாசனை வந்தது. அக்கா சொன்ன தொகையைக் கேட்டு, மறுபடியும் "மாசத்துக்கா?" என்று கேட்டேன். இந்தத் தடவை சந்தோஷத்தில்.

"ஏன்டி, அதிகமா இருக்கா?" என்றாள்.

"இல்லக்கா. எப்படிக் கட்டுப்படி ஆகுதுன்னு..."

"எங்கிட்ட யானைப் படம் இல்ல. நாள் பூரா பஸ் ஸ்டாண்டு இரைச்சல். இந்த இரைச்சல்ல எவ பிள்ளையக் கொண்டுவந்து விடுவா? உனக்குத்தான் அது பழகின இரைச்சலாச்சே" என்றவள், பொட்டலத்தை என் இடுப்பிலிருந்து ஒரு சீட்டைக் கிழிக்கிற மாதிரி லாவகமாக எடுத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. புதுசா வர்ற பிள்ளை அழும். அழட்டும். நாள் பூரா அழுதா மத்த ரெண்டும் சேர்ந்துக்கும், என்னால முடியாது. கொஞ்ச நாள் பார்ப்போம். ஒத்துவந்தா சரி, இல்லன்னா கோவிச்சுக்கக் கூடாது."

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. என் கூண்டிலிருந்து பார்த்தால் அவள் வீட்டு ஜன்னல் தெரியும். கூப்பிடு தூரத்தில் பிள்ளை. இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தக் கூப்பிடு தூரம்தான் வினை ஆனது.

திங்கட்கிழமை கூண்டில் ஏறி உட்கார்ந்து, மைக்கைத் துடைத்து, சுவிட்சைப் போட்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றபோது எனக்கே கண் கலங்கியது. கீழே மூட்டை தூக்குகிறவர் ஒருவர் மேலே பார்த்துக் கை காட்டினார். துறைமுகம் செல்லும் வண்டி, மலையடிவாரம் செல்லும் வண்டி, எல்லாவற்றையும் தேனில் தோய்த்து அனுப்பினேன். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும் நேரத்தில் கூண்டின் கதவு படாரென்று திறந்தது. மற்ற இரண்டையும் டயர்க்கடையில் உட்காரவைத்துவிட்டு விசில் அக்கா வந்து நின்றிருந்தாள். அவள் இடுப்பில் என் பிள்ளை, அழுது அழுது முகம் வீங்கி, மூக்கு ஒழுகி, விக்கிக்கொண்டிருந்தான்.

"உன் பிள்ளை ஏன் அழுறான் தெரியுமா? உன்னாலதான்டி!"

"நான் என்னக்கா பண்ணேன்?"

"வாயத் தொறந்தியே, அதான் பண்ண. என் ஜன்னலுக்கு எதிர்க்க கம்பத்துல உங்க ஸ்பீக்கர் இருக்கு. நல்லாத்தான் விளையாடுவான். நீ கனிவான கவனம்னு ஆரம்பிச்சதும் எல்லாத்தையும் போட்டுட்டு ஜன்னலுக்கு ஓடுறான். நீ நிறுத்தினதும் ஆரம்பிக்கிறான். ஒரு வழியா சமாதானம் பண்ணி உட்கார வச்சா, அடுத்த வண்டிக்கு நீ வந்துடுற!"

மிளகாயைத் தேனாக்கி அத்தனை பேரை ஏமாற்றியிருந்தேன். பெற்ற பிள்ளை ஏமாறவில்லை. சிரிப்பதா அழுவதா தெரியாமல் அவனை வாங்கி மூக்கைத் துடைத்தேன். அதற்குள் கீழிருந்து அடுத்த துண்டுச்சீட்டு வந்துவிட்டது.

அன்று சாயந்தரத்திலிருந்து நாங்கள் செய்யாத வித்தை இல்லை. ஜன்னலைச் சாத்தினோம், அறை வெந்தது. ரேடியோவைச் சத்தமாக வைத்தோம், டயர்க்கடைக்காரர் மேலே வந்து ரேடியோவா நானா என்று கேட்டார். நான் மூக்கால் பேசிப் பார்த்தேன். மேலாளர் மாத்திரை வாங்கி அனுப்பினார். பிள்ளை அந்த மூக்குக் குரலையும் கண்டுபிடித்து, கூடுதலாகவே அழுதான் என்று அக்கா சொன்னாள். "உடம்பு சரியில்லாத அம்மான்னு நினைச்சுக்கிட்டான் போல" என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு அவரும் சிரிக்கவில்லை.

பொட்டலம் தூங்கினால் ஜன்னல் கம்பியில் ஒரு பச்சைத் துண்டைத் தொங்கவிடுவதாக அக்கா சொல்லியிருந்தாள். துண்டைப் பார்த்தால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துப் பேசு என்பது ஏற்பாடு. ஒரு மதியம் துண்டு தொங்கியது. காலையிலிருந்து அழுதவன் இப்போதுதான் கண்ணை மூடியிருப்பான் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, துறைமுக வண்டி வேறு நடைமேடையிலிருந்து கிளம்பும் என்று சீட்டு வந்தது. நான் சத்தத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். கடைசியில் நான் பேசியது எனக்கும் மைக்குக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும்.

ஒரு வயதான தம்பதி, சக்கரம் வைத்த பெட்டிகளோடு, பழைய நடைமேடையில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கப்பல் பிடிக்க வேண்டும். வண்டி அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே கிளம்பிப் போனது. விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா யாரையும் திட்டவில்லை. "நாங்கதான் சரியா கேக்கல போல" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேலாளர் அவர்களைத் தன் சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு பறந்தார். கப்பல் கிடைத்துவிட்டது. திரும்பிவந்து, படியேறி, மூச்சு வாங்க என் முன்னால் நின்றார்.

"பிள்ளையத் தூங்க வைக்கவா உனக்குச் சம்பளம்?"

பச்சைத் துண்டு அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"எனக்கும் பிள்ளைங்க இருக்கும்மா. எனக்குப் புரியாம இல்ல. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நாளைக்கே அந்தப் பெட்டிதான் இங்க உட்காரும்."

அன்று பிள்ளையை எடுக்கப் போனபோது அக்கா படி முனையிலேயே நின்றிருந்தாள். பெரியவருக்கும் சுருட்டைக்கும்கூடத் தொண்டை கம்மிவிட்டதாகச் சொன்னாள். பொட்டலம் அழ, அவன் அழுகிறானே என்று அதுகளும் அழ, நாள் பூராவும் இதே கச்சேரி. சுருட்டையின் அம்மா வேறு முணுமுணுக்கிறாளாம்.

"சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதடி. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

சரிக்கா என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கடை வாசலில் கிடந்த ஒரு லாரி டயர்மேல் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதேன். சத்தமாகப் பேசினால் பிள்ளை போச்சு, மெதுவாகப் பேசினால் வேலை போச்சு. பேசாமலே இருந்துவிட்டால் இரண்டும் போச்சு. டயர்க்கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், பொட்டலத்திடம் ஒரு பெரிய நட்டைக் கொடுத்தார். அவன் அதை உடனே வாயில் போட, அவர் பதறிப் பிடுங்க, அதற்கு ஓர் அழுகை.

நொண்டி நொண்டி அக்கா இறங்கிவந்து பக்கத்து டயரில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் எதிரே பேருந்துகள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிவாசலில் ஒரு வண்டி திரும்பியது. கீழே நின்ற ஒரு குழந்தை, ஜன்னலோரம் இருந்த யாருக்கோ கை ஆட்டியது.

"பாத்தியா?" என்றாள் அக்கா.

"என்னத்தக்கா?"

"அதோ, அந்தப் பிள்ளை அழல. நான் எத்தனை பாத்திருக்கேன். வண்டி கிளம்பும்போது கீழ நிக்கிற பிள்ளை உதட்டப் பிதுக்கும். கையப் பிடிச்சு டாட்டா காட்ட வச்சா அழுகை நின்னுடும். கைக்கு வேலை குடுத்தா வாய் மறந்துடும்டி." எழுந்து நின்று சேலையைத் தட்டிக்கொண்டாள். "நாளைக்கு நீ பயப்படாம தொண்டையத் தொறந்து பேசு. மத்தத நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை முதல் அறிவிப்பைச் சொல்லிவிட்டுப் பயந்துகொண்டே எதிர் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் விசில் அக்கா. அவளுக்கு இந்தப் பக்கம் சுருட்டை, அந்தப் பக்கம் பெரியவர். அவள் கையில் பொட்டலம். அக்கா ஒலிபெருக்கியைச் சுட்டிக் காட்டி என்னவோ சொல்ல, எல்லாரும் கை ஆட்டினார்கள். என் பிள்ளையின் கையை அக்காதான் பிடித்து ஆட்டினாள். அவன் அழுதுகொண்டேதான் இருந்தான். ஆனாலும் கையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை.

அக்கா என்ன சொல்கிறாள் என்பதைச் சாயந்தரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "அதோ அம்மா பேசுறா பாரு! அம்மாவுக்கு டாட்டா சொல்லு, பஸ்ஸுக்கு டாட்டா சொல்லு!" ஒவ்வொரு அறிவிப்புக்கும் இதே. விளையாட்டு முடிந்ததும் இரண்டு விசில். எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம்.

வெள்ளிக்கிழமை அவன் கையை அவனே ஆட்டினான். சனிக்கிழமை அழுகை உதட்டுப் பிதுக்கலோடு நின்றுவிட்டது. அன்று சாயந்தரம் அக்கா அவன் மாற்றுத் துணிகளைத் தன் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து அடுக்கினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டியும் கொண்டேன். "விடுடி, விசில் குத்துது" என்றாள்.

அதற்கடுத்த வாரங்களைப் போல ஒரு காலம் எனக்கு வந்ததில்லை. சுவிட்சைப் போடுவேன், சிவப்பு விளக்கு எரியும், துறைமுகத்தையும் மலையடிவாரத்தையும் அனுப்பிவைப்பேன், நிமிர்ந்து பார்ப்பேன். டயர்க்கடை மாடி ஜன்னலில் மூன்று ஜோடிக் கைகள் ஆடும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கை ஆட்டுவேன். வெயில் என் கண்ணாடியில் பட்டுத் தெறிப்பதால் நான் தெரிய மாட்டேன் என்று அக்கா சொன்னாள். அதனால் என்ன? எனக்குத் தெரிந்தது. கம்பெனிக்காரன் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். மேலாளரே வாசல் வரை தூக்கிக் கொடுத்தாராம்.

வாடகை கொடுத்த பிறகும் கையில் கொஞ்சம் மிஞ்சியது. வீட்டுக்காரர் டீக்குப் பதிலாக எனக்கு ஒரு நல்ல பிளாஸ்க் வாங்கிக்கொண்டு வந்தார், தொண்டைக்கு வெந்நீர் கொண்டுபோக.

பிறகு ஒரு நாள் சாயந்தரம், நான் படியேறிக்கொண்டிருக்கும்போதே அக்கா மேலிருந்து கத்தினாள்.

"சீக்கிரம் வாடி! உன் பிள்ளை பேசிட்டான்!"

"என்ன சொன்னான்?"

"அம்மாங்கிறான்! காலைல இருந்து அதே பாட்டுதான்!"

செங்குத்துப் படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. அதுவரை அவன் வாயில் 'தா', 'பூ' தவிர ஒன்றும் வந்ததில்லை. வீட்டில் நான் என்னை அம்மா என்று சொல்லிக்கொண்டதும் குறைவு. "வாடா இங்க, என்கிட்ட வாடா" என்பதுதான் என் பேச்சு. அதையும் மீறி அவனாகவே கற்றுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தபோது கர்வமாகத்தான் இருந்தது.

அறைக்குள் போய் அவன் முன்னால் மண்டியிட்டேன். டயருக்குள் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கையை நீட்டினான்.

"எங்க, சொல்லு" என்றாள் அக்கா, பெருமை தாங்காமல். "அம்மா எங்கடா? அம்மா எங்க?"

பொட்டலம் தலையைத் திருப்பினான். என் தோளைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தான். விரலை நீட்டி, கம்பத்தில் இருந்த அந்தச் சாம்பல் நிற ஒலிபெருக்கியைக் காட்டினான்.

"ம்மா" என்றான். தெளிவாக, அழகாக. பிறகு அதற்குக் கை ஆட்டினான்.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. "அய்யோ, இல்லடா, இங்க பாரு, இதுதான்..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அவன் மறுபடியும் ஒலிபெருக்கியைக் காட்டி, எங்களுக்குப் புரியவில்லையோ என்று, இன்னும் சத்தமாகச் சொன்னான்.

என்னை யாரும் அடிக்கவில்லை. ஆனால் அப்படி வலித்தது. வேலையும் வேண்டும் என்று நின்றவள் நான்தானே, அழாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டவளும் நான்தானே. இப்போது அவன் அழவில்லை. அம்மா என்பது கம்பத்தில் இருக்கிறது, அது பேசும், அதற்கு டாட்டா சொல்ல வேண்டும். அப்படியானால் தினமும் சாயந்தரம் வந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிற நான் யார்?

"என் தப்புதான்டி" என்றாள் அக்கா. "அதக் காட்டிக் காட்டி நான்தான்..."

"உங்க தப்பு இல்லக்கா" என்றேன். நிஜமாகவே அவள் தப்பு இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பொட்டலத்தைத் தூக்கி மடியில் உட்காரவைத்து, அவனுடைய உள்ளங்கையை எடுத்து என் தொண்டைக்குழியில் வைத்து அழுத்திக்கொண்டேன். நிலையத்துக்கு வெளியே நான் ஒருநாளும் செய்யாததைச் செய்தேன். முதுகை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக,

"பயணிகளின்... கனிவான... கவனத்திற்கு..."

அவன் சட்டென்று ஒலிபெருக்கியைப் பார்த்தான். அது சும்மா இருந்தது. தொண்டையில் வைத்த கை அதிர்ந்திருக்க வேண்டும், கையைப் பார்த்தான். சந்தேகத்தோடு என் வாயைப் பார்த்தான்.

"துறைமுகம் செல்லும் பேருந்து... இரண்டாவது நடைமேடையிலிருந்து..."

இன்னொரு கை மேலே வந்தது. என் உதட்டைத் தொட்டான். விரலை வாய்க்குள் விட்டு, பல்லைத் தட்டி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தான். சுருட்டையும் பெரியவரும் டயரை விட்டு இறங்கி வந்து, அவர்களும் என் வாய்க்குள் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. வாய்க்குள் அவன் விரல் இருக்க, மலையடிவாரத்தையும் அனுப்பிவைத்தேன்.

அவன் ஜன்னலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் ஜன்னலைப் பார்த்தான். பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டான்.

"ம்மா?" என்றான்.

"ஆமாடா. நான்தான்டா. நான்தான் அது."

என் மிளகாய்க் குரலே வந்துவிட்டது, உடைந்துபோய். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. முகம் முழுக்கச் சிரித்தான். பிறகு, கற்றுக்கொடுத்த பாடத்தை மறக்காத நல்ல பிள்ளையாக, என் முகத்துக்கு நேரே கையைத் தூக்கி டாட்டா காட்டினான்.

அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

"இல்லடா தங்கம். இதுக்கு டாட்டா இல்ல. இது நீயும் ஏற வேண்டிய வண்டி." எழுந்து நின்று, அவனை இடுப்பில் ஏற்றி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மறுபடியும் முதுகை நிமிர்த்தினேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வீட்டிற்குச் செல்லும் வண்டி, புறப்படத் தயாராக உள்ளது."

விசில் அக்கா முகத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கழுத்தில் கிடந்ததை எடுத்து, இரண்டு விசில் அடித்தாள்.

தெருவில் இறங்கி நிமிர்ந்து பார்த்தபோது மாடி ஜன்னலில் சுருட்டையும் பெரியவரும் எங்களுக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பொட்டலம் பதிலுக்குக் கை ஆட்டவில்லை. அவன் ஒரு கையால் என் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். வீடு வந்து சேரும் வரை அதை எடுக்கவில்லை, நானும் பேசுவதை நிறுத்தவில்லை.